அம்மையும் அரசும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் தடுப்பூசி பற்றிய மக்கள் மனப்பாங்கு - ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

ஈழத்துத் தமிழ்ப் பேசும் மக்களின் சமூக வரலாறு பற்றிய ஆய்வுகளில் நோயின் வரலாறு இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. கோயில், குடிமுறை, நிலவுடைமை, கூத்து என்பன குறித்து விரிவாக எழுதியுள்ள நாம், அவை யாவற்றையும் ஊடறுத்துச் சென்ற கொள்ளைநோய்களைப் பற்றி எழுதியவை மிகச் சிலவே. 2020 இல் கொவிட் பெருந்தொற்று வந்தபோது இவ்விடைவெளியின் விளைவு தெரிந்தது. தடுப்பூசிக்குத் தயங்கிய கரையோர மக்களையும் சிறுபான்மையினரையும் விளக்குவதற்கு நம்மிடையே கற்றோர் பலரிடம் ஒரேயொரு சொல்லே இருந்தது: அறியாமை.

அறியாமை என்பது ஒரு விளக்கமன்று. விளக்கப்பட வேண்டிய ஒன்றுக்கு இடப்பட்ட பெயர் மட்டுமே. ஒரு மக்கட் கூட்டம் ஒரு காலத்தில் ஊசியைக் கண்டு காட்டுக்குள் ஓடியதெனின், அதே கூட்டம் இன்னொரு காலத்தில் தன் குழந்தைகளைத் தானே தூக்கிச் சென்று ஊசிக்குக் கையை நீட்டியதெனின், மாறியது அறிவு மட்டுந்தானா என்று வினவுதல் ஆய்வாளனின் கடன். அம்மாற்றத்திற்கான காரணத்தை மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதனை நோக்குவதற்குப் பனிச்சங்கேணி பொருத்தமான ஒரு நிலைக்களமாகும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் வடபுறத்தே, வாகரைப் பகுதியில், கடலுக்கும் உப்பேரிக்கும் நடுவே அமைந்தது இவ்வூர். பனிச்ச மரத்தையும் கேணியையும் இணைத்துப் பெயர் பெற்றது. பனிச்சங்காயின் சாறு வலைக்கு ஊட்டப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், ஊரின் பெயரிலேயே அதன் தொழில் அடங்கியிருத்தல் புலனாகும். மீன்பிடித்தலும் சேனைப் பயிர்ச்செய்கையும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். கரையோர வேடர் எனப்படுவோரின் வழித்தோன்றல்களும் இங்கு வாழ்கின்றனர். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல் கீழ்க்கரை வேடரைத் தனியே எடுத்துப் பேசுகின்றது. தெற்கே ஓட்டமாவடி, வாழைச்சேனை முதலிய இடங்களில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். அரசின் கை கடைசியாக நீளும் விளிம்பு இது. விளிம்பில் நின்று நோக்கும்போதே அரசின் இயல்பு தெளிவாகத் தெரியும்.

2. தொன்மம் கூறும் நோய்க் காரணம்

தமிழில் நோய்க்கும் அரசுக்குமுள்ள தொடர்பு பற்றிய மிகப் பழைய கூற்றுகளுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் உள்ளது. பாண்டியன் அநீதியாக ஒருவனைக் கொல்வித்தான், அதன் பின்னர் அந்நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன என்று அப்பகுதி கூறுகின்றது. குரு என்பது உடலில் எழும் கொப்புளம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் நங்கைக்கு விழாச் செய்து துயர் நீக்கினான் என்றும், இலங்கைக் கயவாகு மன்னனும் அவ்வழியே விழா எடுத்தான் என்றும் அதுவே தொடர்ந்து கூறும்.

இக்கூற்றின் சமயப் போர்வையை நீக்கி நோக்கின் அதன் சமூக உள்ளடக்கம் துலங்கும். கொள்ளைநோய் தனிமனிதரின் பாவத்தால் வந்ததாக இங்குச் சொல்லப்படவில்லை. ஆள்பவன் செய்த அநீதியின் பயனாகவே அது வந்தது. கண்ணகி அரசவையில் வழக்குரைத்தவள். வழக்குரைத்தவளே நோயின் தெய்வமும் ஆனாள்.

மட்டக்களப்புத் தமிழகம் இத்தொன்மத்தைச் சிலப்பதிகாரத்தின் வழியாக அன்றித் தனக்கேயுரிய கண்ணகி வழக்குரை காவியத்தின் வழியாகவே பேணியது. இக்காவியத்தை வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்தார். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலிய ஊர்க் கோயில்களில் வைகாசித் திங்களில் கதவு திறந்து, காவியம் படித்து, திருக்குளிர்த்தியுடன் சடங்கு நிறைவுறும். மதுரையை எரித்தவளின் சினம் குளிர்விக்கப்படுகின்றது. மழையின்மையும் கொள்ளைநோயும் வந்த காலங்களில் ஊரை வடசேரி தென்சேரி எனப் பிரித்துக் கொம்பு முறிக்கும் வழக்கமும் இவ்வழிபாட்டைச் சார்ந்ததே. பனிச்சங்கேணி போன்ற வடபகுதி ஊர்களில் வேடர் தெய்வச் சடங்குகளின் செல்வாக்கு மிகுதி. எனினும் நோயை 'அம்மாள்' என்று பணிந்து கூறும் மொழிவழக்கு பிரதேசம் முழுவதற்கும் பொதுவானது.

இச்சடங்குகளை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவது எளிது. நம்முடைய முற்போக்கு எழுத்தும் ஒரு காலத்தில் அவ்வாறு தள்ளியதுண்டு. ஆயின், நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுதல், அயலார் அவ்வீட்டினுட் புகாதிருத்தல், தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரை நோயாளியைத் தனியே வைத்தல் ஆகியன தொற்றைக் கட்டுப்படுத்தும் சமூக ஒழுங்குகளாகவும் தொழிற்பட்டன என்பது மனங்கொளத்தக்கது. மறுபுறம், இவ்வொழுங்குகள் நோயைத் தடுக்கும் வலிமை உடையன அல்ல. குளிர்த்தி எத்தனை நடந்தும் பெரியம்மை போகவில்லை. அம்மை கண்டவரை வெளியாருக்குக் காட்டக் கூடாதென்ற விலக்கு மருத்துவத்தையும் வெளியே நிறுத்தியது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே கொள்ளாத ஆய்வு, மக்களை இகழ்வதாகவோ அவர்களது துன்பத்தை அழகுபடுத்துவதாகவோ முடியும்.

3. அம்மைப்பாலின் வருகை

ஜென்னர் தமது பரிசோதனையை 1796 இல் செய்து 1798 இல் வெளியிட்டார். பசுவம்மைப் பால் கடல்வழியே நெடுந்தூரம் செல்லுமுன் வீரியம் இழந்தது. ஆதலால் வியன்னாவிலிருந்து கொன்ஸ்தாந்திநோப்பிள், பக்தாத், பஸ்ரா என்னும் தரைவழித் தொடரில் அது கிழக்கே நகர்ந்தது. 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கையிற் பிடித்தது. அவ்வாண்டிலேயே அங்கிருந்து திருகோணமலைக்கு வந்தது. தேசாதிபதி பிரடெரிக் நோர்த்தின் ஆட்சிக் காலம் அது. மருத்துவத் தலைமை வகித்த தோமஸ் கிறிஸ்ரி இலங்கையிற் பெரியம்மை விளைத்த அழிவு பற்றி 1811 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆகவே கிழக்குக் கரை அம்மைப்பாலைத் தெற்காசியாவில் மிக முன்னதாகவே கண்ட கரைகளுள் ஒன்றாகும்.

அக்காலத் தடுப்பு முறை எவ்வாறு இயங்கியது என்பதை அறியாமல் மக்களின் அச்சத்தை விளங்கிக்கொள்ள முடியாது. ஒரு குழந்தையின் கையைக் கீறிப் பால் இடப்படும். ஏறத்தாழ எட்டாம் நாள் அக்கொப்புளம் பழுத்திருக்கும்போது குழந்தையை மீண்டும் கொணர வேண்டும். அதன் கொப்புளத்தைக் குத்தி எடுத்த நீர் அடுத்த குழந்தையின் கையில் இடப்படும். கைக்குக் கை மாறும் இத்தொடர் அறுந்தால் அப்பகுதியில் மருந்தே இல்லை. வேறு வகையிற் சொன்னால், மருந்தை உற்பத்தி செய்யும் சாதனம் குழந்தையின் உடல்; அவ்வுடலுக்கு உரியவர்கள் பெரும்பாலும் வறியவர்கள்.

இம்முறையிற் பிறிதொரு சிக்கலும் இருந்தது. குடியாலும் சாதியாலும் உடல்கள் வேறுபடுத்தி வைக்கப்பட்ட ஒரு சமூகத்தில் ஒருவரது உடலின் நீர் மற்றவரது உடலிற் புகுத்தப்பட்டது. மேலோர் எனத் தம்மைக் கருதியவர் இதனைத் தீட்டாகக் கண்டனர். அவ்வச்சம் சாதியமைப்பைக் காப்பதற்கானது. அதற்கு நாம் பரிவு காட்ட வேண்டியதில்லை. ஆனால் வறியவரின் அச்சம் வேறு வகையினது. அழுக்கான கருவியால் வேறு நோய்கள் தொற்றுவதுண்டு. வெப்பத்தால் பால் கெட்டு, குத்தியும் பலிக்காமற் போவதுண்டு. பால் குத்திய குழந்தைக்கே பின்னர் அம்மை வந்ததைக் கண்ட தாய் ஒருத்தி அடுத்த குழந்தையை ஒளித்தாளாயின், அவள் கண்டதிலிருந்தே முடிவு செய்தாள். பரிசோதனையின் அடிப்படையில் முடிவுக்கு வருதலை அறியாமை என்று கூறுதல் பொருந்தாது.

மொழி இவ்விடத்தில் ஒரு சான்று தருகின்றது. நோய்க்குத் தமிழ் இட்ட பெயர் அம்மை. அதன் தடுப்பு மருந்துக்கு இட்ட பெயர் அம்மைப்பால். தாயின் சினத்தைத் தாயின் பாலே தணிக்கும் என்ற பொருள் இச்சொல்லில் இயல்பாக அமைந்துவிட்டது. தெய்வத்துக்கும் ஊசிக்கும் தீராப் பகை இருந்திருப்பின் இச்சொல் நாவில் நிலைத்திராது. தெய்வ நம்பிக்கை தடுப்பூசியை ஏற்பதற்கு முழுத் தடையாக இருக்கவில்லை என்பதை இதனால் உய்த்துணரலாம்.

4. கட்டாயமும் நம்பிக்கையும்

தடையாக இருந்தது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளிம்பு நிலக் குடியானவனை அரசு எந்தெந்த வடிவங்களிற் சந்தித்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1832 வரை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் இருந்தது. அது ஒழிந்தபின் 1848 இன் வீதிச் சட்டம், வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும் என விதித்தது. 1886 இல் அம்மை குத்துதலும் சட்டத்தாற் கட்டாயமாயிற்று. 1897 இல் தனிமைப்படுத்தலும் நோய்த்தடுப்பும் பற்றிய சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் ஊருக்குக் கொணர்ந்தவர் அரசின் ஊர்த் தலைமைக்காரரே. வரிக்கு வந்த அதே அதிகாரம் குழந்தையின் கைக்கும் வந்தது. வயல், வலை, உழைப்பு ஆகியவற்றின் மீது உரிமை கொண்டாடிய அரசு, இப்போது உடலின் மீதும் உரிமை கொண்டாடுவதாகவே மக்களுக்குத் தோன்றியிருக்கும். இதே அரசு அவ்வூருக்குக் கொடுத்தது என்னவென்று கேட்டால், பனிச்சங்கேணி போன்ற ஊர்களைப் பொறுத்தவரை விடை மிகச் சுருக்கமானது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுறவு மாறத் தொடங்கியது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்கு வேண்டியவன் ஊருக்கு ஏதேனும் கொணர வேண்டியவனானான். கிராமிய வைத்தியசாலை, மருத்துவமாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்போர் இவ்வரசியல் நிர்ப்பந்தத்தின் விளைவுகளே. தொழிலாளர் இயக்கமும் இடதுசாரிகளும் இதற்கு அளித்த உந்துதல் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

மருத்துவமாதின் இடம் தனியே நோக்கற்பாலது. அவள் ஊசியோடு மட்டும் வருபவள் அல்லள். கர்ப்பிணியைப் பார்த்தவள், பிள்ளையின் நிறையைப் பதிந்தவள், திரிபோசா மா கொடுத்தவள், பெரும்பாலும் ஊரின் மொழியைப் பேசியவள். பராமரிப்பின் ஒரு கண்ணியாக ஊசி வந்தபோது அதனை மறுத்தோர் அரிதாயினர். 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் இலங்கையில் தொடங்கியது. 1993 இற்குப் பின்னர் நாட்டில் போலியோ நோயாளி எவரும் பதிவாகவில்லை. 1980 இல் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார சபை அறிவித்தது. அம்மாளின் சினம் தணிந்தது குளிர்த்தியால் அன்று, ஊசியால் என்பதை நாம் ஒளிக்காமற் கூற வேண்டும். ஆயினும் வைகாசியிற் குளிர்த்தி நின்றுவிடவில்லை. மக்கள் இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டனர்.

இம்மாற்றத்தின் ஆழத்தைப் போர்க்காலம் காட்டியது. 1995 முதல் தேசிய போலியோத் தடுப்பு நாள்கள் நடத்தப்பட்டபோது, யுனிசெப் நிறுவனத்தின் முயற்சியால் வடக்கிலும் கிழக்கிலும் அந்நாள்களில் இரு தரப்பும் போரை நிறுத்தின. அரசு மீது நம்பிக்கை முற்றாக அற்றுப்போன பிரதேசங்களிலும் தாய்மார் குழந்தைகளுடன் சொட்டு மருந்துக்கு வந்தனர். அரசு வேறு, மருத்துவமாது வேறு என்று அவர்கள் பிரித்தறிந்தனர். தடுப்பு மருந்து பற்றிய அறிவு மக்களிடம் நிலைகொண்டுவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. 2020 - 2021

இத்தகைய மக்களிடம் கொவிட் தடுப்பூசி பற்றித் தயக்கம் எழுந்தது ஏன்? தொற்று வந்த வழியிலிருந்தே தொடங்குவோம். 2020 ஒக்ரோபரில் பேலியகொடை மீன்சந்தையிற் பரவிய தொற்று மீன் வணிகத்தின் வழியே வாழைச்சேனையை அடைந்தது. கரையோரத்து மீனவனின் உழைப்பு கொழும்புக்குச் செல்லும் பாதையிலேயே நோய் திரும்பி வந்தது. ஊரடங்கால் முதலிற் பசித்ததும் அன்றாட உழைப்பாளியின் வீடே.

தொற்றை எதிர்கொள்ளும் தேசியச் செயற்பாட்டு நிலையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2006 இன் இடப்பெயர்வையும், 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானதையும் கண்ட மக்களுக்குச் சுகாதார அறிவுரை இராணுவச் சீருடையில் வந்தது.

இதனினும் ஆழமான காயம் முஸ்லிம் மக்களுக்கு நேர்ந்தது. 2020 மார்ச் இறுதி முதல் கொவிட்டால் இறந்தோர் யாவரும் எரிக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்தது. அடக்கத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்று கூறப்பட்ட காரணத்திற்கு அறிவியல் ஆதாரம் காட்டப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து 20 நாள்களேயான ஒரு குழந்தையும் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டது. கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டது. முதலில் இரணைதீவு முன்மொழியப்பட்டு, மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 29 அன்று தொடங்கியது என்பதை இத்திகதிகளோடு இணைத்து நோக்குதல் வேண்டும். ஒரு சமூகத்தின் பிணங்களை அதன் விருப்பத்திற்கு மாறாக எரித்துக்கொண்டிருந்த அரசே அதே வாரங்களில் அச்சமூகத்தின் உயிருள்ள கைகளை நீட்டச் சொன்னது. அறிவியலின் பெயரால் ஒரு பொய்யைக் கேட்டவர்கள், அறிவியலின் பெயரால் சொல்லப்பட்ட உண்மையையும் ஐயுற்றனர்.

மூடநம்பிக்கை பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். 2020 நவம்பரில் தொற்று நீங்கவென மந்திரித்த குடங்களை ஆற்றில் இட்டவர் அப்போதைய சுகாதார அமைச்சர். கேகாலையைச் சேர்ந்த ஒருவர் காளியின் அருளாற் பெற்றதாகக் கூறிய பாணியைப் பகிரங்கமாக அருந்தியவரும் அவரே. 2021 ஜனவரியில் அவருக்குத் தொற்று ஏற்பட்டது. ஆட்சிபீடத்திலிருந்தே வந்த மந்திரத்தை மறந்துவிட்டு, வேப்பிலை செருகிய குடிசையை மட்டும் அறியாமையின் சின்னமாகக் காட்டுதல் வர்க்கச் சார்புடைய பார்வையன்றி வேறன்று.

உலகச் சந்தையும் தன் பங்கைச் செய்தது. இந்தியா 2021 மார்ச்சில் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால், கொவிஷீல்ட் முதல் ஊசி பெற்ற ஏறத்தாழ 6 இலட்சம் இலங்கையர் இரண்டாவது ஊசிக்காகப் பல மாதங்கள் காத்திருந்தனர். காப்புரிமையைத் தற்காலிகமாக விலக்கக் கோரி 2020 ஒக்ரோபரில் உலக வர்த்தக நிறுவனத்தில் வைக்கப்பட்ட முன்மொழிவு 2022 ஜூனிலேயே, அதுவும் குறைந்த வடிவிலேயே ஏற்கப்பட்டது. ஒருகாலத்தில் மருந்தின் உற்பத்திச் சாதனம் வறிய குழந்தையின் கையாக இருந்தது. இன்று அது பெரு நிறுவனங்களின் உடைமை. இரு காலத்திலும் வறியவர் வரிசையின் கடைசியிலேயே நின்றனர்.

எனினும் நிகழ்ந்தது யாது? அடக்க உரிமை மீண்டபின், டெல்டா அலையின் மரணங்களுக்கு நடுவே, அறிமுகமான சுகாதாரப் பணியாளர் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் ஊசியுடன் அமர்ந்தபோது மக்கள் வந்தனர். 2021 முடிவதற்குள் நாட்டு மக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் இரு ஊசிகளையும் பெற்றிருந்தனர். மூன்றாவது ஊசிக்கே நாடு முழுவதும் ஆர்வம் குன்றியது. தொற்றின் அச்சம் தணிந்திருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற, ஆட்சியின் மீதான நம்பிக்கை எல்லா இனத்தவரிடமும் சரிந்த காலம் அதுவென்பதையும் புறக்கணித்தல் இயலாது.

6. ஓர் ஒப்பீடு

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அம்மைப்பால் கிழக்கே வந்த வழியிலுள்ள பக்தாத்திற்கு வடக்கே, துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்னும் நான்கு அரசுகளிடையே பிரிக்கப்பட்டு வாழும் குர்திய மக்களின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. துருக்கியில் 2021 இல் வெளியிடப்பட்ட மாகாண வாரியான தடுப்பூசி விகிதங்களில், குர்தியர் செறிந்து வாழும் தென்கிழக்கு மாகாணங்களான தியார்பக்கிர், மார்தின் போன்றன கடைசி நிலைகளில் இருந்தன. சிரியாவின் வடகிழக்கிலோ, ஐ.நா. உதவி நேரே வந்த யாருபியா எல்லைவாயில் 2020 ஜனவரியில் மூடப்பட்டதால், மருந்து தமஸ்கஸ் அரசின் வழியே வரவேண்டியிருந்தது. ஈரானில் 2021 ஜனவரியில் அமெரிக்க, பிரித்தானியத் தடுப்பூசிகளின் இறக்குமதி உச்சத் தலைவரால் தடுக்கப்பட்டது. தாய்மொழியில் தன்னுடன் பேசாத அரசு, தன்னைச் சந்தேகத்துடன் நோக்கும் அரசு, தன் நலத்திற்காக நீட்டும் கையை ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு நோக்கும் என்ற வினா இரு நிலங்களுக்கும் பொதுவானது. வேறுபாடும் உண்டு. இலங்கையின் விளிம்பு நிலங்களில் மருத்துவமாது என்னும் கண்ணி பல பத்தாண்டுகளாக இருந்தது. அக்கண்ணியே 2021 இல் நம்மைக் காத்தது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவது, தடுப்பூசி பற்றிய மனப்பாங்கு மக்களின் அறிவு நிலையை மட்டும் பொறுத்ததன்று. அவர்களுக்கும் ஆட்சிக்கும் இடையே வரலாற்றில் அமைந்த உறவைப் பொறுத்தது. இரண்டாவது, சமய நம்பிக்கை தடுப்பூசிக்கு இயல்பிலேயே பகையானதன்று. நீதியற்ற அதிகாரம் உடலைத் தீண்ட வரும்போது அந்நம்பிக்கை எதிர்ப்பின் மொழியாகின்றது. மூன்றாவது, கட்டாயச் சட்டத்தால் இயலாதது, பராமரிப்பின் நெடிய உறவால் இயன்றது.

இம்முடிவுகள் உறுதிப்பட வேண்டுமாயின் களஆய்வு பெருமளவில் நடைபெற வேண்டும். வாகரை முதல் பொத்துவில் வரையுள்ள ஊர்களில் ஓய்வுபெற்ற மருத்துவமாதர்களின் நினைவுகளைப் பதிதல் உடனடிப் பணியாகும். அவர்களுட் பலர் முதுமை எய்திவிட்டனர். குளிர்த்திப் பாடல்களை இலக்கியமாக மட்டுமன்றி நோயின் ஆவணங்களாகவும் வாசித்தல் வேண்டும். ஓட்டமாவடி அடக்கங்கள் பற்றிய சாட்சியங்கள் மூன்று மொழிகளிலும் தொகுக்கப்படல் வேண்டும்.

அரசின் அநீதியே கொள்ளைநோயைக் கொணரும் என்பது பழங்கதையின் நம்பிக்கை. நோய்க்கிருமி அவ்வாறு பிறப்பதில்லை என நாம் அறிவோம். ஆனால் அக்கிருமியால் முதலில் யார் சாவார், யாருக்கு மருந்து கடைசியில் வரும், யாருடைய பிணம் அவமதிக்கப்படும் என்பவற்றை நீதியும் அநீதியுமே தீர்மானிக்கின்றன. கண்ணகி தொடுத்த வழக்கு இவ்வகையில் இன்னும் முடிவடையவில்லை.